நாலரை மில்லிமீட்டர் ஆழத்தில்

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடக்கும்போது, சேலைக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் மேலே, முதலாம் மாடியில் பார்லர் பலகைகள் தெரியும். மணப்பெண் அலங்காரம், புருவம் திருத்துதல், ஃபேஷியல் என்று பழகிப்போன வரிசையோடு இப்போது ஒரு புதுப்பெயரும் சேர்ந்திருக்கிறது: ஹைஃபு. கொட்டாஞ்சேனைப் பக்கமும் இதே கதைதான். செட்டியார் தெருவில் தாலிக்கொடி எடுத்த கையோடு மணப்பெண் அலங்காரம் பேச பார்லருக்குள் ஏறினால், பேச்சு மெல்ல மணப்பெண்ணின் தாயாரிடம் திரும்பும். "அன்ரி, உங்கட கன்னம் கொஞ்சம் தொய்ஞ்சு போச்சு. வெட்டுறேல்லை, தைக்கிறேல்லை. ஒருக்காச் செய்தால் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்."

பத்து வயது குறையாது. ஆனாலும் முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த இயந்திரம் ஒரு வேலையைச் செய்யத்தான் செய்கிறது. தோலுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுடுகிறது. பிறகு உடம்பு அந்தச் சூட்டுக் காயங்களை ஆற்றுகிறது. முகம் கொஞ்சம் இறுகினால், அது உடம்பின் கைவண்ணம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பார்லர்க்காரர் சொல்லும் ஒவ்வொரு வாக்குறுதியையும் நாமே எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் முகம் ஏன் தொய்கிறது என்று பார்ப்போம். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட நார் அது. இருபத்தைந்து வயதைத் தாண்டியதும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு வீதம் குறையத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் 30 வீதம் வரை போய்விடும். ஐம்பதை ஒட்டிய வயதில் "திடீரென்று கிழவியாகிவிட்டேன்" என்று சொல்பவர்கள் கற்பனையாகச் சொல்வதில்லை. தோல் மட்டுமல்ல, அதற்குக் கீழே கன்னத்துக் கொழுப்பும் இறங்கும். தாடை எலும்பும் கரையும். பல் போனால் இன்னும் வேகமாகக் கரையும். வெற்றிலையோடு பற்களையும் தொலைத்த பழைய பாட்டிமாரின் ஒடுங்கிய கன்னத்தில் தோலின் பங்கைவிட எலும்பின் பங்கே அதிகம்.

வெயில் செய்யும் சேதத்துக்கு ஒரு பிரபலமான படம் இருக்கிறது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் பார ஊர்தி ஓட்டிய 69 வயது மனிதரின் முகம், 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. யன்னல் பக்கத்து இடது கன்னம் தடித்து, மடிந்து, சுருங்கித் தொங்குகிறது. வலது கன்னம் வேறொருவருடையது என்று சொன்னால் நம்பிவிடலாம். வெயிலின் யு.வி.ஏ. கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். அங்கே சாரதி இருப்பது இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். ஏழு பாகை வட அகலாங்கில் இருக்கும் கொழும்பில் நாள்முழுக்க வான் ஓட்டுபவர் தன் வலக்கன்னத்தை இடக்கன்னத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள், முகத்தில் தோலடிக் கொழுப்புக்கும் ஆழ்ந்த தசைகளுக்கும் இடையே ஓடும் ஒரு நார்ப்படலத்தை விவரித்தார்கள். 'ஸ்மாஸ்' என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். முகத்தூக்குச் சத்திரசிகிச்சையின் போக்கையே இது மாற்றியது. அதுவரை தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். சில காலத்தில் தோல் மறுபடி இளகிவிடும். இந்தப் படலத்தைப் பிடித்து இழுத்துத் தைத்தால் நிற்கும். தோலை வெட்டாமல் இந்தப் படலத்தைத் தொட முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் ஹைஃபு: வலுமிக்க, ஓரிடத்தில் குவிக்கப்பட்ட கேளா ஒலி.

சிறுவயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசியை எரித்திருப்போம். கண்ணாடிக்கும் கடதாசிக்கும் நடுவில் கையைக் காட்டினால் சுடாது. குவியும் புள்ளியில்தான் சுடும். இங்கே வெயிலுக்குப் பதில் ஒலி. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் உள்ள அதே வகை ஒலிதான், செக்கனுக்கு 40 இலட்சம் முதல் ஒரு கோடி அதிர்வு வரை. ஆனால் ஸ்கேனில் மென்மையாகப் பரவுவது இங்கே ஒரு புள்ளியில் திரள்கிறது. மேல்தோலைச் சுடாமல் கடந்துபோய், குறித்த ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இடத்தை 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறது. அதற்கு ஒரு செக்கன்கூட எடுக்காது.

இந்த உத்தி அழகுக்காகப் பிறந்ததல்ல. 1950களில் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை சகோதரர்கள் இதைக்கொண்டு மூளையின் உள்ளே எட்ட முடியுமா என்று ஆராய்ந்தார்கள். கருப்பைக் கட்டிகளைச் சுட்டழிக்க அமெரிக்க எஃப்.டி.ஏ. 2004இலும், கைநடுக்க நோய்க்கு 2016இலும் ஒப்புதல் கொடுத்தது. இரண்டுக்கும் இடையில், 2009இல், அல்தெரபி என்ற சாதனம் புருவம் தூக்குவதற்கு அனுமதி பெற்றது. கழுத்துக்கும் தாடையடிக்கும் 2012இல்.

கட்டிலில் படுத்ததும் வெள்ளைப் பென்சிலால் முகத்தில் கட்டம் போடுவார்கள். நரம்பு ஓடும் இடம், கண் குழி, தொண்டை நடு ஆகியவை தொடக்கூடாத பகுதிகள். குளிர்ந்த ஜெல் பூசி, கைப்பிடியை அழுத்தி வைப்பார்கள். அதன் முனையில் மாட்டும் கார்ட்ரிட்ஜ்தான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. 4.5 மில்லிமீட்டர் ஸ்மாஸ் படலத்துக்கு, 3 மில்லிமீட்டர் தோலின் அடிப்பகுதிக்கு, 1.5 மேல் அடுக்குக்கு. பொத்தானை அமுக்கியதும் ஓர் அங்குல நீளக் கோட்டில் பதினைந்து, இருபது புள்ளிகள் வரிசையாக விழும். கைப்பிடியைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி அடுத்த கோடு. இப்படி முழு முகத்துக்கும் கழுத்துக்கும் சில நூறு கோடுகள். கன்னத்தில் சுருக்கென்று குத்தும். தாடை எலும்புக்கு அருகில் வந்தால் பல்லுக்குள் கூசும். சிலருக்குக் கண்ணீரே வந்துவிடும். "வலியே இல்லை" என்று ஒருவர் விளம்பரம் செய்தால், ஒன்றில் இயந்திரத்தின் வலு குறைவு, அல்லது உண்மையின் வலு குறைவு.

சுட்ட புள்ளியில் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து நார் சுருங்கும். அதைத் தொடர்ந்து உடம்பு அங்கே அழற்சியை உண்டாக்கி, சிதைந்ததை அகற்றி, புதிய கொலாஜனை நெய்யத் தொடங்கும். இந்த நெசவு அவசரத்துக்கு நடக்காது. பலன் தெளிவாகத் தெரிய இரண்டு, மூன்று மாதமாகும்; ஆறு மாதம் வரை கூடிக்கொண்டே போகலாம். கட்டிலை விட்டு எழும்பியதும் கண்ணாடியில் தெரிகிற பளபளப்பும் இறுக்கமும் பெரும்பாலும் வீக்கம். இரண்டு, மூன்று நாளில் வடிந்துவிடும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது செய்துகொள்ளும் தாயார் தாலிகட்டு அன்று ஒரு பலனையும் காணமாட்டார். கன்னத்தில் கண்டல் இருந்தால் அதைத்தான் காண்பார்.

ஆடிவேலை ஒட்டிய விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மூன்று கிழமை லீவில் வருகிறவர்கள் இதில் தனி ரகம். அங்கே கொடுக்கும் காசில் ஒரு பங்குக்கு இங்கே முடிகிறது என்று, பல் கட்டுவதோடு இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். பலன் தெரிய வேண்டிய நாளில் அவர்கள் பனிக்காலச் சட்டையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பலன் தெரியாவிட்டால் கேட்கப் பார்லர் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இந்தத் தூரம் எல்லாப் பார்லர்க்காரருக்கும் தெரியும்.

எவ்வளவுதான் தூக்கும்? சிகாகோவில் நடந்து 2010இல் வெளியான ஆரம்பகால ஆய்வொன்றில் 35 பேரின் புருவத்தை அளந்தார்கள். தொண்ணூறு நாளில் சராசரி ஏற்றம் 1.7 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணோரத்தில் அந்த அளவும் களைத்த தோற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கழுத்துத் தோல் மடிப்பாகத் தொங்குகிறவருக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். அவருக்குச் சத்திரசிகிச்சை ஒன்றுதான் வழி. லேசாகத் தொய்யத் தொடங்கிய, நாற்பதுகளில் இருக்கும் முகங்களுக்கே இது பொருத்தம். அதுவும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு மறுபடி செய்ய வேண்டி வரும்.

நம் நிறத்தவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. லேசர் என்பது ஒளி. தோலின் கறுப்புநிறமி ஒளியை விழுங்கும். வெள்ளைத் தோலுக்கு அமைத்த லேசரை அப்படியே நம் முகத்தில் பாய்ச்சினால் நிறமி சூடாகி மேல்தோல் வெந்து, மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும். ஒலிக்கு நிறம் தெரியாது. தோலின் மின்தடையை வைத்து வெப்பம் உண்டாக்கும் ரேடியோ அலைக் கருவிகளுக்கும் தெரியாது. அந்த வகையில் முன்னோடியான தெர்மாஜ் 2002இல் கண்ணோரச் சுருக்கத்துக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. வெப்பம் உள்ளே போகும் அதே நேரம் அதன் முனை மேல்தோலைக் குளிர்விக்கும். பார்லரில் 'ஸ்கின் டைட்டனிங்' என்று அரைமணி நேரம் இளஞ்சூடாகத் தேய்க்கும் சின்னக் கருவியும் ரேடியோ அலைதான் என்பார்கள். கன்னம் சிவக்கும், ஒரு நாள் இறுக்கமாக இருக்கும், சுகமாகவும் இருக்கும். அதற்குமேல் எதிர்பார்க்காமல் செய்தால் குற்றமில்லை.

இனி ஆபத்து. நாலரை மில்லிமீட்டர் என்பது எல்லா முகத்திலும் ஒரே இடமல்ல. கொழுத்த கன்னத்தில் அது ஸ்மாஸ் படலம். மெலிந்தவரின் கன்னப்பொட்டில் எலும்புக்கே போய்விடும். தவறிக் கொழுப்பில் விழுந்தால் கொழுப்புக் கரைந்து கன்னம் ஒட்டிப்போகும். இளமையாகச் சென்றவர் நோயாளிபோல் வருவார். தாடை விளிம்பை ஒட்டி, கீழுதட்டை இயக்கும் மெல்லிய நரம்பொன்று ஓடுகிறது. அது சுடுபட்டால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில கிழமைகளில் சரியாகும், ஆனால் அந்தச் சில கிழமைகள் இருக்கின்றனவே! கண்ணிமையருகே செய்து கண்வில்லை வெந்துபோன சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அல்தெரபியில் சுடுமுன் உள் அடுக்குகளைத் திரையில் பார்க்க ஸ்கேன் வசதி உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல இயந்திரங்களில் அது இல்லை. கைப்பிடியைப் பிடிப்பவர் உள்ளே என்ன இருக்கிறது என்று அனுமானத்தில்தான் சுடுகிறார்.

ஜப்பானில் அழகு நிலையங்களில் நடந்த விபத்துகளை அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு ஆராய்ந்து 2023இல் அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, வைத்தியர் அல்லாதவர் ஹைஃபு செய்வது மருத்துவச் சட்டத்துக்கு முரண் என்று சுகாதார அமைச்சு அறிவித்துவிட்டது. என் கருத்தும் அதுதான்: உடலுக்குள் 60 பாகை வெப்பம் உண்டாக்குவது அழகுக்கலை அல்ல, வைத்தியம். இலங்கையில் மருத்துவச் சாதனங்களைப் பதிவு செய்யும் பொறுப்பு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடம் இருக்கிறது. வைத்தியரின் பதிவை இலங்கை மருத்துவ சபையில் சரிபார்க்கலாம். இயந்திரத்தின் பெயர் என்ன, கைப்பிடியைப் பிடிக்கப் போவது யார், கார்ட்ரிட்ஜில் இன்னும் எத்தனை சுடுகை மீதி என்று கேளுங்கள். கார்ட்ரிட்ஜுக்கு ஆயுள் உண்டு. தேய்ந்ததை ஓட்டுவதில்தான் இலாபம் அதிகம். கேட்டதும் முகம் சுளித்தால் படியிறங்கிவிடலாம், காலி வீதியில் அடுத்த பலகை நாலு கடை தள்ளி இருக்கும்.

ஊசிவகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போட்டொக்ஸ் தசையைத் தளர்த்தி நெற்றிக்கோட்டைக் குறைக்கும். தொய்ந்த கன்னத்தைத் தூக்குவது அதன் வேலையல்ல. ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். அது தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் கண் பார்வையே போகலாம். ஆகவே ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்து கைவசம் இல்லாத இடத்தில் கன்னத்தை நீட்டவே கூடாது. நூல் போடுவது என்பது, தையல் நூலின் அதே பொருளில் செய்த முள்நூலைத் தோலடியில் செலுத்தி இழுப்பது. பலன் உடனே தெரியும். நூல் ஆறு மாதமளவில் கரையத் தொடங்கும், பலனும் பின்னாலேயே போகும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது பெயரில்லாத டப்பாவில் விற்கும் 'நைட் கிறீம்'. வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமும் வீரியமான ஸ்டீரொய்டும் கலப்பது பழைய தந்திரம். ஸ்டீரொய்ட் தோலை மெல்லியதாக்கிக் கொலாஜனைத் தின்றுவிடும். ஒரு வருடம் அதைப் பூசி, தொய்ந்த தோலோடு அதே கடையில் இறுக்கும் சிகிச்சைக்குப் படுப்பவர்கள் உண்டு. அந்தத் தோலுக்கு முதலில் தேவை கிறீமை நிறுத்துவதும் தோல் வைத்தியரும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது, காசும் இல்லை. வரிசையில் நிற்கும் பொறுமைதான் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் செய்துதான் பார்ப்பேன் என்பவர்கள், போகுமுன் வீட்டிலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில், யன்னலுக்கு நேரே, நாடியைத் தூக்காமல், சிரிக்காமல், பவுடர் இல்லாமல். பார்லர் எடுக்கும் 'முன்' படத்தில் தலை குனிந்திருக்கும், வெளிச்சம் மேலிருந்து விழும். 'பின்' படத்தில் நாடி நிமிர்ந்திருக்கும், வெளிச்சம் நேரே வரும். சிகாகோ ஆய்வில், எந்தப் படம் முன், எது பின் என்று தெரியாத மூன்று வைத்தியர்களிடம் காட்டித்தான் கணக்கெடுத்தார்கள். 35 பேரில் 30 பேரிடம் மாற்றம் தெரிந்தது, ஐந்து பேரிடம் தெரியவில்லை. உங்கள் இரண்டு படங்களையும் மூன்று மாதம் கழித்து, விஷயம் தெரியாத ஒரு மச்சாளிடம் காட்டி எது பழையது என்று கேளுங்கள்.