ஊர்தி வந்தால் போதுமா?

ஒரு வினையைத் தொடங்குமுன் செல்வம், கருவி, காலம், செயலின் தன்மை, இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. நான்கு நிறைந்து ஒன்று குறையினும் வினை இடறும். இதற்கு இந்நூற்றாண்டு தந்த பெருஞ்சான்று ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். படைக்கு ஆயிரக்கணக்கான புது ஊர்திகளை வழங்கி, அவற்றை ஓட்டவும் பேணவும் வீரரைப் பழக்கிய வரலாறு அது.

இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. ஜபல்பூர் ஊர்தித் தொழிற்சாலை 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அத்தகைய தொழிற்சாலைகளிலும், செகந்திராபாத்திலுள்ள படைப் பொறியியல் நிலையங்களிலும், எல்லைப்புறச் சாலைகளில் ஓடும் லாரிகளிலும் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. தொழிற்சாலை வாயிலைத் தாண்டிய வண்டியோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்பதை அக்குடும்பத்தார் நன்கறிவர்.

2003இல் அமெரிக்கப் படை ஈராக்கினுள் புகுந்தது. சில காலத்துக்குள் அங்கே எதிரியின் தலையாய படைக்கலமாகச் சாலையோர வெடிகள் அமைந்தன. அப்படை மிகுதியாகப் பயன்படுத்திய ‘ஹம்வீ’ வண்டி, தட்டையான அடித்தகடு உடையது. தரைக்கு அணித்தே அமைந்தது. கீழிருந்து எழும் வெடியின் விசை முழுவதும் அத்தகட்டைத் தாக்கி, உள்ளிருப்போரைக் கொன்றது. பக்கங்களில் கூடுதல் கவசம் பூட்டியும் அடிப்புறத்துக்குக் காப்பில்லை.

இதற்கு மாற்று முன்னரே உலகில் இருந்தது. ரொடீசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1970களிலேயே, படகின் அடிப்புறம்போல நடுவே கூர்ந்து இருபுறமும் சரிந்த அடித்தகடு கொண்ட வண்டிகளைச் செய்தனர். தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் அத்தகடு, வெடியின் விசையை இருபுறமும் சிதறச் செய்யும். தென்னாப்பிரிக்காவின் ‘காஸ்பிர்’ இவ்வகையில் பெயர்பெற்றது. அதனை நம் இந்தியப் படையும் தருவித்துப் பயன்படுத்தியது. இவ்வகை ஊர்திகளை அமெரிக்கர் ‘எம்ராப்’ என்று அழைத்தனர்.

2005 பிப்ரவரியில், ஈராக்கிலிருந்த மரைன் படைத் தலைவர்கள் இத்தகைய 1,169 வண்டிகள் உடனே வேண்டுமென எழுதினர். அவ்வேண்டுகோள் ஓராண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. போர் விரைவில் முடிந்துவிடும், இத்துணைப் பெரிய வண்டிகள் பின்னர்ப் பயனற்றுப்போகும் என்னும் எண்ணம் தலைநகரில் நிலவியதும் அதற்கு ஒரு காரணமாகும். 2007 மே மாதத்தில், பாதுகாப்பு அமைச்சர் இராபர்ட் கேட்சு, தம் துறையின் கொள்முதல்கள் அனைத்திலும் இதுவே முதலிடம் பெறவேண்டும் என ஆணையிட்டார். அதன்பின் செல்வத்துக்குக் குறைவில்லை. குறைவாக இருந்தது காலமே.

ஆகவே நிர்வாகிகள் ஒரு துணிவான முடிவு கொண்டனர். நிறைவான ஒரே வண்டியை வடித்தெடுக்க ஆண்டுக்கணக்கில் காத்திராமல், பல நிறுவனங்களின் வண்டிகளை ஒருங்கே சோதித்து, தேறியவற்றை உடனுக்குடன் வாங்கினர். 2007 சனவரியில் ஒன்பது நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. கவச எஃகும், டயரும், அச்சும் பிற பணிகளுக்கு முன்னதாக இதற்கே வழங்கப்பட வேண்டுமென விதித்தனர். ஆலைகளிலிருந்து வந்த வண்டிகள் சார்ல்ஸ்டன் துறைமுக நகரில் குவிந்தன. வானொலிக் கருவிகளும், தொலைவிலிருந்து வெடிக்கச் செய்யும் குறிகளைத் தடுக்கும் கருவிகளும் அங்கே பொருத்தப்பட்டன. கப்பலில் சென்றால் வாரங்கள் பலவாகும் என்பதால், பன்மடங்கு செலவாயினும் தொடக்கத்தில் வானூர்தியிலேயே ஏற்றி அனுப்பினர். ஆண்டின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த உற்பத்தி, ஆண்டின் முடிவில் மாதம் ஆயிரத்தைத் தாண்டியது. ஏறத்தாழ 1,500 வண்டிகள் அதற்குள் ஈராக்கை அடைந்தன.

ஈதோர் அருஞ்செயலே. எனினும் இடர் அங்கேதான் தோன்றியது. ஆக்கப்பட்ட வண்டிகள் யாவும் போர்க்களம் சென்றுவிட்டமையால், தாய்நாட்டில் பயிலும் வீரர்க்குப் பழக வண்டி இல்லை. களத்தில் இறங்கிய பின்னரே பலர் அவ்வூர்தியை முதன்முதலாகக் கண்டனர். அவ்வண்டிகளிற் பல 15 டன்னுக்கு மேல் எடையுள்ளவை. உயரம் மிகுந்தமையால் அவை எளிதிற் சாயும் தன்மையின. ஓட்டுநர் கண்ணுக்குப் பக்கவாட்டுத் தரையும் நன்கு புலப்படாது. ஈராக்கின் கால்வாய்க் கரைகளோ மண்ணாலானவை. அத்துணைப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் இடிந்து சரிந்தன. 2007 நவம்பர் முதல் 2008 ஜூன் வரை பதிவான 66 விபத்துகளில் நாற்பதை ஒட்டியவை வண்டி குடைசாய்ந்தவை என மரைன் படையின் அறிக்கை ஒன்று கூறிற்று. வெடிக்குத் தப்பியவன் கால்வாய் நீரில் மூழ்கி இறப்பதென்றால் அதனினும் கொடுமை யாதுளது?

இவ்விபத்துகளைக் கண்டு வண்டியைப் பழித்து ஒதுக்காமல், பயிற்சியைத் திருத்த முற்பட்டமையே அந்நிர்வாகத்தின் சிறப்பு. வண்டியின் உடற்பகுதியை ஓர் அச்சில் ஏற்றித் தலைகீழாகச் சுழற்றும் பயிற்சிப் பொறிகளை அமைத்தனர். வீரர்கள் வார்ப்பட்டையோடு அதனுள் அமர்வர், பொறி கவிழும். இருளிலும் குழப்பத்திலும் பட்டையை அவிழ்த்து, கனத்த கதவைத் திறந்து, தோழனையும் இழுத்துக்கொண்டு வெளியேறப் பழகுவர். பலமுறை செய்து கை பழகிவிட்டால், உண்மையான விபத்தில் அச்சம் அறிவை மறைக்காது.

பழுதுபார்ப்போர் நிலையும் அத்தகையதே. பல நிறுவனங்களிடம் வாங்கியதன் விலை இங்கே தெரிந்தது. ஒரு வகை வண்டிக்குரிய உதிரி பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒன்றைக் கற்ற மெக்கானிக் மற்றொன்றின் முன் திகைத்து நின்றான். தொடக்கத்தில் அந்தந்த நிறுவனத்தின் ஆட்களே களத்தில் தங்கிப் பழுது நீக்கினர். பின்னர் டெக்சாஸ் மாநிலத்தின் ரெட் ரிவர் படைப் பணிமனையில், எல்லா வகைகளையும் ஒரே இடத்தில் கற்பிக்கும் பள்ளி நிறுவப்பட்டது. வீரர்கள் அதற்கு ‘எம்ராப் பல்கலைக்கழகம்’ என்றே பெயரிட்டு வழங்கினர்.

போரின் வேகம் ஆப்கானிஸ்தானத்துக்கு மாறியபோது ‘இடம்’ மீண்டும் தன் வரியைக் கேட்டது. ஈராக்கின் சமநிலச் சாலைக்கு ஏற்ற வண்டி, மலைப்பாதைக்கு ஏற்கவில்லை. எனவே 2009 ஜூனில், சற்று இலகுவான, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசையும் புதுவகை ஊர்திக்கு ஆஷ்காஷ் நிறுவனத்திடம் ஒப்பந்தம் செய்தனர். முடிவில் எல்லா வகையும் சேர்ந்து 27,000 ஊர்திகளுக்கு மேல் வாங்கப்பட்டன. செலவு 4,000 கோடி டாலரைக் கடந்தது. போர் தணிந்தபின், பல வண்டிகளை நாட்டுக்குத் திருப்பிக் கொணரும் செலவுக்கு அஞ்சி, ஆப்கானிஸ்தானத்திலேயே வெட்டிப் பழைய இரும்பாக விற்றனர். அவை காத்த உயிர்கள் எத்தனை என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் அவ்வண்டியினுள் இருந்து உயிரோடு வெளிவந்த வீரனின் தாய்க்கு அக்கணக்கு வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? விரைவு தேவையே, தாமதித்த ஒவ்வொரு மாதமும் உயிர்களை உண்டது. ஆனால் விரைவு வண்டிக்கு மட்டும் அமைந்து மனிதனுக்கு அமையாதுபோயின், காப்பாகச் செய்த ஊர்தியே கண்ணியாகிவிடும். நூறு வண்டி ஆக்கினால் பத்தையேனும் பயிற்சிக்கு ஒதுக்குவது, களத்துக்கு அனுப்பும் எண்ணிக்கையைக் குறைப்பதுபோல் தோன்றும். உண்மையில் மற்றத் தொண்ணூற்றையும் பயனுறச் செய்வது அப்பத்தே.

நம் குடும்பங்களில் ஒருவர் வண்டியைப் பூட்டுகிறார், ஒருவர் ஓட்டுகிறார், ஒருவர் பழுது நீக்குகிறார். படைக்கு இத்தனை ஆயிரம் புது வாகனங்கள் வந்தன என்று இனி நாளிதழில் காணும்போது, அவ்வெண்ணிக்கையில் மகிழ்ந்து அமையாமல் மேலும் மூன்று வினாக்களை நாம் எழுப்பப் பழகுவோமாக. ஓட்டுபவர் எத்தனை நாள் பழகினார்? உதிரி பாகம் எவ்விடத்தில் உள்ளது? அவ்வண்டி செல்லும் சாலை அதன் பாரத்தைத் தாங்குமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே, ஊர்தி வந்து சேர்ந்தது எனக் கொள்ளலாம்.