சாரல் காலத்தில் மின்கசிவு: வீட்டிலும் கிணற்றடியிலும் கவனம் தேவை

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் ஆனி பிறந்தால் சாரல் தொடங்கிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று ஆவணி வரை ஓயாது. அருவியில் தண்ணீர் கொட்டும் இந்த மூன்று மாதங்களில்தான் மின்சாரத்தைக் கையாள்வதில் அதிகக் கவனம் தேவை. பெருமழை பெய்து ஓய்ந்தால் சுவர் காய்ந்துவிடும். சாரலோ விட்டுவிட்டுத் தூறிச் சுவரையும் சுவிட்சுப் பெட்டியையும் ஈரமாகவே வைத்திருக்கும். ஈரம் உள்ள இடத்தில் மின்சாரம் கசியும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து?

15 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அதில் பாதிக்கும் குறைவான 30 மில்லி ஆம்பியர், மார்பின் வழியே சில விநாடிகள் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஃப்யூஸ் உருகுவதற்கோ பல ஆம்பியர் பாய வேண்டும். ஆகவே ஃப்யூஸ் வயரைக் காக்குமே தவிர ஆளைக் காக்காது.

ஆளைக் காப்பவை இரண்டு. ஒன்று, நல்ல எர்த். மற்றொன்று, கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதை வாங்கி, உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டு பொருத்த வேண்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். மின்சாரம் நிற்காவிட்டால் கருவியை உடனே மாற்றிவிட வேண்டும்.

எர்த் குழியில் ஈரம் இருந்தால்தான் கசியும் மின்சாரம் எளிதில் மண்ணுக்குள் இறங்கும். கோடையில் காய்ந்து கிடக்கும் செம்மண்ணில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது நல்லது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று சாரலுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

துணி உலர்த்தும் கம்பி

சாரல் நாளில் துணி காயாது. அதனால் வீட்டுக்குள்ளும் தாழ்வாரத்திலும் இரும்புக் கம்பி கட்டுவார்கள். அது சர்வீஸ் வயரில் உரசினால், ஈரத்துணியைத் தொட்ட கை கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். இரும்புக் கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். மின்கம்பத்திலும் அதைத் தாங்கும் ஸ்டே கம்பியிலும் துணிக்கொடியோ ஆடு மாடோ கட்டக் கூடாது.

கிணற்றடியில்

தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. கட்டணம் இல்லாததால் பம்புசெட் அறையைக் கவனிக்காமல் விடுவோர் உண்டு. மும்முனை மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியில் சாரல் படாதபடி கதவும் கூரையும் வேண்டும். ஈரக்கையோடும் வெறுங்காலோடும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். உலர்ந்த பலகையில் ரப்பர் செருப்புடன் நின்று இயக்குங்கள்.

மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து, வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவோரும் உண்டு. இது சட்டப்படி குற்றம். இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரரையும், ஏன், வேலி கட்டியவர் பிள்ளையையும் அது கொன்றுவிடும். சூரியசக்தி வேலியில் மின்சாரம் விட்டுவிட்டு நொடிக்கும் மிகக் குறைந்த நேரமே பாய்வதால், விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. காப்புக்காட்டை ஒட்டிய நிலமானால் முதலில் வனத்துறையை அணுக வேண்டும்.

வீட்டில் மிச்சம்

வீட்டு மின்சாரத்தில் இரு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதில்தான் மிச்சம். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டு, தினம் 5 மணி நேரம் எரித்தால் இரு மாதத்தில் 15 யூனிட் குறையும். 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதில் 35 வாட் விசிறி தினம் 10 மணி நேரம் ஓடினால் 24 யூனிட் குறையும். இப்படி மிச்சமாகும் பணத்தில் மேலே சொன்ன கருவியை வாங்கிவிடலாம்.

விபத்து நேர்ந்தால்

ஒருவர் மின்சாரத்தில் சிக்கினால் அவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கம்பால் வயரை விலக்கி, 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முறைக்குக் குறையாமல் விடாமல் அழுத்த வேண்டும். காற்றில் மின்கம்பி அறுந்து விழுந்தால், கம்பால்கூடத் தொட வேண்டாம். யாரையும் அருகில் விடாமல் காத்து, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தெரிவிக்க வேண்டும். இவ்விரு எண்களையும் பம்புசெட் அறைக் கதவில் பெயிண்டால் எழுதி வைப்பது நல்லது.