விபத்துற்றோரும் சட்டத்தரணியும்

கொழும்பு மாநகரில் நீதிமன்றங்கள் கூடியிருக்கும் பகுதியைத் தமிழ் மக்கள் புதுக்கடை என்பர். அதற்கு வழங்கும் ஹல்ஸ்டோர்ப் என்னும் மற்றப் பெயர், 1656ஆம் ஆண்டுக் கொழும்பு முற்றுகையில் உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ப்ட் என்பவரின் நினைவாக வந்தது. அங்குள்ள வீதிகளின் இருமருங்கும் சட்டத்தரணிகளின் பெயர்ப்பலகைகள் நெருங்கித் தொங்குகின்றன. காலில் கட்டுடன் அங்கே முதன்முறையாக வந்து நிற்பவனுக்கு எல்லாப் பலகைகளும் ஒன்றுபோலவே தோன்றும். எந்தப் படியில் ஏறுவது என்பது சிறிய கேள்வியன்று. அவனுடைய குடும்பத்தின் பிற்கால வாழ்வு பெரும்பாலும் அதனையே பொறுத்திருக்கிறது.

மலைநாட்டிலிருந்து வந்து கொழும்பிற் கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞனை எடுத்துக்கொள்ளலாம். மாலையில் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது லொறியொன்று மோதித் தொடையெலும்பு முறிகிறது. மூன்றாம் நாள் வைத்தியசாலைக் கட்டிலருகே இருவர் வருகின்றனர். லொறிக்காரர் சார்பில் வந்தவர் வைத்தியச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கொடுத்து, “தம்பி, இந்தப் பற்றுச்சீட்டிலே ஒரு கையெழுத்துப் போடுங்கோ” என்கிறார். மற்றவர் தரகர். “நல்ல லோயர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் ஒன்றுக்கும் அலைய வேண்டாம். இந்தத் தாளிலே மட்டும் ஒப்பம் வையுங்கோ” என்கிறார். முதலாவது தாளில், இனி எவ்வித உரிமையும் கோருவதில்லை என்று சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கலாம். இரண்டாவது தாளில் ஒன்றும் எழுதப்படாமலே இருக்கலாம். இளைஞன் அவ்விரண்டிலும் கையொப்பமிடாதிருப்பதே முதற் பாதுகாப்பு. ஆள்வைத்து வழக்குத் தேடுதல் சட்டத்தரணித் தொழிலின் ஒழுக்கத்திற்கு மாறானது. அவ்வாறு வருபவரைத் தேர்ந்தெடுத்தவன் நோயாளி அல்லன், தரகனே தேர்ந்தெடுத்தான்.

பதறாத காரியம் சிதறாது என்பர். ஆயினும் ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதும் நம்மவர் மொழியே. பிறருடைய கவனயீனத்தால் உண்டான காயத்திற்கு நட்டஈடு கோரும் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. காயம் ஆறட்டும், பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இக்காலத்தை இழந்தவர் பலர். நீதவான் நீதிமன்றத்திற் சாரதி குற்றவாளியாகித் தண்டம் செலுத்துவது வேறு. காயமுற்றவன் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோருவது வேறு. முன்னது நடந்துகொண்டிருப்பதால் பின்னதற்குரிய காலம் நின்றுவிடுவதில்லை. மோதியது அரசாங்க வாகனமாயின் வழக்கிற்கு ஒரு மாதம் முன்னரே அறிவித்தல் கொடுத்தலும் வேண்டும். எனவே ஆராய்ந்து தேர்வதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாகாது.

இவ்வளவு ஆராய்வு ஏன் என்று கேட்கலாம். இவ்வகை வழக்கிற் சட்டத்தின் வழிகள் பலவாகக் கிளைத்திருத்தலே காரணம். இந்நாட்டில் வழங்கும் உரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி, காயமுற்றவன் வைத்தியச் செலவை மாத்திரமன்றி, இழந்த வருமானத்தையும், இனி இழக்கப்போகும் வருமானத்தையும், பட்ட நோவுக்கும் துன்பத்துக்கும் ஈட்டையும் கோரலாம். அவனிடமும் ஓரளவு தவறு இருந்ததாயின், வழக்கு முற்றாக வீழ்ந்துவிடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அத்தவற்றின் அளவுக்குத் தொகை குறையும். லொறிக்குரிய மூன்றாந் தரப்புக் காப்புறுதி, 1951ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தாற் கட்டாயமானது. ஆயினும் வழக்குத் தொடங்கும் வேளையிலேயே காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்கத் தவறினால், வென்ற தீர்ப்பும் வெறுந்தாளாகிவிடக்கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது காயமுற்ற தொழிலாளி எவருடைய தவற்றையும் நிரூபிக்காமலே தொழில் கொள்வோரிடமிருந்து ஈடு பெற வழிசெய்கிறது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதன் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதுடன், வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களையும் அதில் அடக்கியது. ஆனால் ஒரே காயத்திற்காகத் தொழில் கொள்வோர் மீது ஆணையாளரிடம் கோரிக்கையும் நீதிமன்றத்தில் வழக்கும் என இரண்டையும் நடத்த அச்சட்டம் இடந்தருவதில்லை. தவறு தொழில் கொள்வோருடையதாயின் எவ்வழி நல்லது என்பதை முதலிலேயே தீர்மானித்தல் வேண்டும்.

நல்ல சட்டத்தரணியை அறிந்துகொள்ளும் வழி இங்கேதான் இருக்கிறது. அவர் முதற் சந்திப்பில் வாக்குறுதி கொடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். விபத்து எந்த நாளில் நடந்தது? பொலிசில் முறைப்பாடு பதிவாகிவிட்டதா? சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா? கண்டவர்கள் யார்? வேலையிலிருந்து திரும்பும்போதா மோதுண்டது? எந்தத் தாளிலேனும் ஒப்பமிட்டதுண்டா? இவற்றைக் கேளாமல், “பத்து இலட்சம் நிச்சயம்” என்று சொல்பவர் வழக்கின் வன்மையை அறியுமுன்னரே அதற்கு விலை மதிப்பிடுகிறார். அவரை விட்டு விலகுதலே நன்று.

காயமுற்றவனும் கேட்கவேண்டியவை உண்டு. காணி உறுதியில் வல்லவர் விபத்து வழக்கிலும் வல்லவராயிருப்பார் என்பதில்லை. ஆகலின் இத்தகைய வழக்குகளை மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு வரை நடத்தியதுண்டா என்று கேட்டல் தகும். எதிரியின் காப்புறுதிக் கம்பனிக்கு அவர் வேலை செய்பவரா என்றும் கேட்டல் வேண்டும். அடுத்தது மொழி. கொழும்பில் வழக்கு ஏடுகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அமையும். ஒவ்வொரு பத்திரத்தையும் ஒப்பமிடுமுன் தமிழிலே விளக்கிச் சொல்லுமாறு கேட்பது கட்சிக்காரனின் உரிமை. அதனைத் தொல்லையாகக் கருதுபவரிடம் வழக்கை ஒப்படைத்தல் தகாது.

கட்டணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படலாகாது. முற்காலத்தில் அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இருவகையினர் இருந்தனர். முன்னவர் மன்றில் வாதிட்டார்; பின்னவர் பத்திரங்களைத் தயாரித்தார். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இருவரையும் சட்டத்தரணி என்னும் ஒரே வகுப்பாக்கியது. ஆயினும் நடைமுறையில் ஒருவர் பதிவுச் சட்டத்தரணியாகப் பத்திரங்களைத் தாக்கல் செய்ய, மற்றொருவர் வாதிடுதல் இன்றும் வழக்கம். ஆகவே இருவருக்கும் கட்டணம் உண்டா, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, வைத்திய நிபுணரின் சாட்சியத்திற்கு யார் செலவு செய்வது என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்திற் பெற்று, கொடுக்கும் பணத்திற்குப் பற்றுச்சீட்டும் வாங்குதல் வேண்டும். வைத்தியசாலை அட்டை, எக்ஸ்ரேப் படம், சம்பளத் துண்டு ஆகியவற்றின் பிரதிகள் எப்போதும் வீட்டில் இருத்தல் வேண்டும்.

பணமில்லாதவன் தரகனையே நாடவேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையிலேயே தலைமையகம் கொண்டுள்ளது. வருமானங் குறைந்தோருக்குச் சட்டத்தரணியின் உதவியை அது பெற்றுக்கொடுக்கிறது. சட்டத்தரணி தவணைக்கு வராது அலட்சியம் செய்தால், நீதிமன்றத்தின் அனுமதியுடன் அவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை மீட்டு, வேறொருவரை அமர்த்தலாம். மோசடி செய்தவரைத் தொழிலிலிருந்து நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது.

அந்த இளைஞனுடைய கால் பழையபடி தேறுமோ என்பது வைத்தியர் கையில். அவன் மீண்டும் சாரமேறிக் கல் அடுக்க முடியாமற் போகலாம். அப்போது அவனுடைய பெற்றோரும் தங்கையும் எதனைக்கொண்டு வாழ்வர் என்னும் கேள்விக்கு விடையாக அமையக்கூடியது அந்த நட்டஈடே. கட்டிலருகே நீட்டப்பட்ட தாளை, “வீட்டாருடன் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று அவன் திருப்பிக் கொடுத்தானாயின், அவ்வழி அடைபடாது இருக்கும்.