மெலிந்த பூனைக்குட்டிக்குச் சத்து மருந்து எப்போது தேவை?

பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் பூனைக்குட்டி, நலமாக இருந்தால் நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை எடை கூடி, இரண்டு வாரங்களில் பிறந்த எடையைப் போல் இருமடங்காகிவிடுகிறது. இந்த வளர்ச்சி ஒரு நாள் நின்றாலே கவனிக்க வேண்டும். எடை குறைந்தால் அது ஆபத்தின் அறிகுறி. ஆகவே மெலிந்த குட்டியைத் தேற்ற முற்படுவோர் முதலில் வாங்க வேண்டியது டானிக் அன்று, கிராம் காட்டும் சமையலறைத் தராசு.

நம் வீடுகளில் இரக்கத்தோடு வைக்கப்படும் பசும்பாலும் பால்சோறும் குட்டியின் தேவையை நிறைவு செய்வதில்லை. தாய்ப்பூனையின் பாலைவிடப் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு என்பதோடு, அதிலுள்ள பால் சர்க்கரையாகிய லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கி, இருக்கும் நீர்ச்சத்தையும் வற்றச் செய்துவிடுகிறது. தாயற்ற குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் பால் பவுடரே பொருத்தமானது. பூனை இறைச்சியையே சார்ந்து வாழும் உயிர். இதயத்துக்கும் விழித்திரைக்கும் இன்றியமையாத டாரின் என்னும் அமினோ அமிலத்தைத் தன் உடலில் போதுமான அளவு உருவாக்கிக்கொள்ள அதனால் இயலாது, சோற்றிலும் அது கிடையாது. டாரின் குறைந்த உணவால் பூனைகளின் இதயத்தசை நலிவதையும், அதைச் சேர்த்துக் கொடுத்தால் மீள்வதையும் கலிஃபோர்னியாவில் பால் பியோன் (Paul Pion) என்னும் ஆய்வாளரின் குழுவினர் 1987இல் நிறுவிய பின்னரே, பூனை உணவுகளில் அதன் அளவு உயர்த்தப்பட்டது.

குளிர்ந்துபோன குட்டிக்கு எதையும் புகட்டக் கூடாது. உடல் சூடு குறைந்தால் குடல் இயக்கம் தளர்ந்து, உள்ளே போன பால் செரிக்காமல் தங்கிவிடும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்து மெல்லச் சூடேற்றிய பிறகு, குட்டியைக் குழந்தையைப் போல் மல்லாத்தாமல் குப்புறப் படுக்கவைத்து, தலையைச் சற்றே உயர்த்தி, வெதுவெதுப்பான பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். 100 கிராம் குட்டியின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 4 மில்லிலிட்டரே கொள்ளும் என்பதால், அவசரப்பட்டு அதிகம் செலுத்தினால் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும்.

கடைகளில் கிடைக்கும் சத்துக் களிம்புகள் பெரும்பாலும் எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள் கலந்தவை. நோயிலிருந்து மீளும் குட்டிக்கு ஆற்றல் தர உதவுமேயன்றி, தசையை வளர்க்கும் புரதத்துக்கு அவை ஈடாகா. எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே தின்னும் குட்டிக்குக் கால்சியம் குறைந்து எலும்பு நலியும் என்பது உண்மை. ஆனால் குட்டிகளுக்கான முழுமையான உணவைத் தின்னும் ஒன்றுக்கு மேலும் கால்சியம் கொடுத்தால் சமநிலை குலையும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ, டி ஆகியவை உடலில் தேங்குவதால், மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையையும் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் கொடுப்பது தவறு.

உணவு சரியாக இருந்தும் குட்டி தேறாவிட்டால், தாய்ப்பாலின் வழியே தொற்றும் குடற்புழுக்களையும், இரத்தத்தை உறிஞ்சும் தெள்ளுப்பூச்சிகளையும் ஐயுற வேண்டும். ஈறு வெளுத்த குட்டிக்கு இரும்புச்சத்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவைப்பதால் பயனில்லை. நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தோ பூனையைக் கொல்லும் நஞ்சு. எனவே எடை குறைந்தாலும், வயிற்றுப்போக்கு நீடித்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், நாள்தோறும் குறித்த எடைக் கணக்கை எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.