முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறதா? ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்!

கேமரன் மலையில் சமதரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 1929இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைச் செடியின் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. அதனால் மழைநீர் வழிந்தோடும் சரிவுகள் அதற்கு நன்றாகப் பொருந்துகின்றன.

செடிக்குப் பிடித்த அந்தச் சரிவு, மனித முழங்காலுக்குக் கடும் உழைப்பைக் கொடுக்கிறது. ஹாபுவிலும் சுங்கை பாலாசிலும் கொழுந்து வெட்டப் போகும் தொழிலாளர்கள் நாள் முழுவதும் ஏறி இறங்குகிறார்கள். தோட்டத்து மாணவர்கள் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க மேட்டிலிருந்து சாலைக்கு இறங்கி வருகிறார்கள். போதாக்குறைக்குப் பள்ளியில் குறுக்கோட்டம், காற்பந்து, பூப்பந்து என்று எல்லாம் உண்டு.

"முட்டி வலிக்கிறது" என்று சொன்னால் வீட்டில் உடனே தைலம் வந்துவிடும். ஆனால் முட்டி வலி என்பது ஒரே நோய் அன்று. படிவம் 2 மாணவனும் அவனுடைய பாட்டியும் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டலாம். காரணம் வேறு, மருத்துவமும் வேறு. அந்தக் காரணங்களில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் இடுப்பு மூட்டே நிரந்தரமாகப் பழுதாகலாம். எனவே, மாணவர்களே, இவற்றைப் பிரித்தறியத் தெரிந்துகொள்வோம்.

சில்லு என்ன வேலை செய்கிறது?

முழங்காலின் முன்னால் வட்டமாகத் தட்டுப்படும் எலும்புதான் முழங்கால் சில்லு. தொடையின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய தசைத் தொகுதி, ஒரு தசைநாணாக இறங்கி இந்தச் சில்லைப் பற்றிக்கொள்கிறது. சில்லின் கீழ்நுனியிலிருந்து இன்னொரு தசைநாண் புறப்பட்டு, கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் போய் முடிகிறது.

கதவின் கைப்பிடி கீலிலிருந்து தள்ளி இருப்பதால்தான் கதவை எளிதாகத் திறக்க முடிகிறது. அதேபோல், சில்லு தசைநாணை மூட்டிலிருந்து சற்று முன்னே தள்ளிப் பிடிக்கிறது. இதனால் குறைந்த விசையிலேயே காலை நீட்ட முடிகிறது. இது நீங்கள் இயற்பியலில் படிக்கும் நெம்புகோல் தத்துவமேதான்.

ஆனால் முழங்கால் மடங்க மடங்க, சில்லு தொடை எலும்பின் மீது அழுந்துவதும் கூடுகிறது. 1972இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சமதரையில் நடக்கும்போது இந்த அழுத்தம் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. படியேறி இறங்கும்போது மூன்று மடங்குக்கு மேல். முழுவதுமாகக் குந்தி எழும்போது ஏழு மடங்குக்கு மேல். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவருக்குக் கணக்கிட்டால், நடக்கையில் சுமார் 25 கிலோ; படிகளில் 150 கிலோவுக்கு மேல்; குந்தி எழுகையில் 350 கிலோவுக்கு மேல்!

இறக்கத்தில் வலி கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போல உடலைப் பிடித்து நிறுத்துகிறது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முட்டி நோகிறது என்று பெரியவர்கள் சொல்வதில் அறிவியல் இருக்கிறது.

வலியை உணர்வது எது?

சில்லின் உட்புறத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு படிந்திருக்கிறது. மனித உடலின் மிகத் தடித்த குருத்தெலும்பு அடுக்குகளில் இதுவும் ஒன்று. ஆனால் குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் டை இதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்தாமல், நுண்கருவியை உள்ளே விட்டு ஒவ்வொரு பகுதியாகத் தொடச் செய்தார். முடிவுகள் 1998இல் வெளியாயின. சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு எந்த உணர்வும் தெரியவில்லை. சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டையும் மூட்டின் உட்சவ்வையும் தொட்டபோதோ கடுமையாக வலித்தது. 'தேய்மானம்' மட்டுமே முட்டி வலிக்குக் காரணம் என்ற எண்ணம் சரியன்று என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்று கேள்விகள்

எந்த இடத்தில் வலி? எப்போது வலி? என்ன வயது? இந்த மூன்றுக்கும் தெளிவாக விடை சொன்னாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி: சில்லிலிருந்து ஓரிரு அங்குலம் கீழே, ஒரே விரலால் காட்டக்கூடிய இடத்தில் வலியும் புடைப்பும் இருந்தால், அது ஓஸ்குட்-ஷ்லாட்டர் பாதிப்பாக இருக்கலாம். 1903இல் அமெரிக்காவின் ராபர்ட் ஓஸ்குட், சுவிட்சர்லாந்தின் கார்ல் ஷ்லாட்டர் ஆகிய இருவரும் தனித்தனியே இதை விவரித்தனர். ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் வரும். பெண்பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே வரும். அந்த வயதில் எலும்பு மேட்டின் வளர்ச்சித் தட்டு இன்னும் முழு எலும்பாக மாறியிருக்காது. ஓடி, குதித்து, உதைக்கும்போது தசைநாண் அதைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலோருக்கு வலி நின்றுவிடும். புடைப்பு மட்டும் நிலைத்திருக்கலாம். அதனால் கெடுதல் இல்லை.

சில்லின் கீழ்நுனியில் வலி: 10 முதல் 14 வயதுக்குள் என்றால், இதுவும் வளரும் எலும்பில் ஏற்படும் இழுவையாக இருக்கலாம். வளர்ச்சி முடியும் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் இதே இடத்தில் வலித்தால், அது 'குதிப்போர் முழங்கால்' எனப்படும் தசைநாண் பாதிப்பாக இருக்கலாம். கைப்பந்து, கூடைப்பந்து, செப்பாக் தக்ராவ் போன்று அடிக்கடி எம்பிக் குதிக்கும் ஆட்டங்களில் இது வருவதுண்டு.

சில்லைச் சுற்றிலும் அல்லது பின்னால் வலி: ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால் முட்டி முழுவதையும் மூடிக் காட்டுகிறீர்களா? படி இறங்கும்போதும், குந்தும்போதும், பேருந்தில் நீண்டநேரம் முழங்காலை மடக்கி உட்காரும்போதும் வலி கூடுகிறதா? இது சில்லு-தொடை மூட்டு வலியாக இருக்கலாம். பதின்ம வயதினரிடம் இது மிகச் சாதாரணம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதற்காக வலி பொய் என்று ஆகிவிடாது.

சில்லின் மேல் மெத்தென்ற வீக்கம்: தோலுக்கும் சில்லுக்கும் இடையே ஒரு சிறு நீர்ப்பை உண்டு. காய்கறித் தோட்டத்திலும் ஸ்ட்ராபெரிப் பாத்திகளிலும் நெடுநேரம் மண்டியிட்டு வேலை செய்வோருக்கு அது வீங்கலாம். முழங்காலுக்கு அடியில் தடித்த மெத்தை வைத்துக்கொள்வது உதவும். வீக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

தாத்தா பாட்டியின் வலி: 45 வயதுக்கு மேல், வேலை செய்யும்போது வலி, காலையில் அரைமணி நேரத்துக்கு மேற்படாத விறைப்பு ஆகியவை இருந்தால், மூட்டு வாதம் காரணமாக இருக்கலாம். இவர்களுக்கும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி நல்லது. 'வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது' என்பது சரியன்று.

வலி முழங்காலில், கோளாறு இடுப்பில்!

மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது இதுதான். வளரும் பருவத்தில் தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதி, வளர்ச்சித் தட்டிலிருந்து மெல்ல நழுவிவிடக்கூடும். இது பெரும்பாலும் 10 முதல் 16 வயதுக்குள், உடல் எடை கூடியவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. மெலிந்தவர்களுக்கும் வரலாம்.

நழுவுவது இடுப்பில். ஆனால் வலி தொடையிலோ முழங்காலிலோ மட்டும் தெரியலாம். இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்புகளின் கிளைகளே முழங்காலுக்கும் செல்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது. முட்டியைத் தொட்டால் நோகாது, வீக்கமும் இருக்காது. ஆனால் மாணவர் நொண்டுவார். பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும். இந்த நிலையில் முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் உண்மை தெரியாது. இடுப்பையும் பார்க்க வேண்டும். காலை நீவி விடுவதும், பொறுத்துக்கொண்டு நடப்பதும் ஆபத்து. நழுவல் கூடினால் எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டமே தடைபடலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால், அறுவை மருத்துவர் திருகாணி பொருத்தி மேலும் நழுவாமல் நிறுத்திவிடுவார்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நொண்டுதல், காலை ஊன்ற முடியாமை, காய்ச்சலுடன் சூடான வீக்கம், விழுந்தவுடன் முட்டி பெரிதாக வீங்குதல், சில்லு பக்கவாட்டில் விலகுதல் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். கேமரன் மலை வாசிகளுக்குத் தானா ராத்தாவில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. ஓய்விலும் இரவிலும் ஒரே காலில் தொடர்ந்து வலித்து, நாளுக்கு நாள் கூடினால் அதையும் தள்ளிப்போடக் கூடாது. அரிதாக, இந்த வயதில் முழங்காலை ஒட்டிய எலும்பில் கட்டி வருவதுண்டு. சிறு பிள்ளைகளின் 'வளர்ச்சி வலி' வேறு: அது மாலையிலோ இரவிலோ இரு கால்களிலும் வரும், காலையில் பிள்ளை வழக்கம்போல் ஓடியாடும்.

மற்ற முன்முழங்கால் வலிகளுக்கு முழு ஓய்வு பெரும்பாலும் தேவைப்படாது. வலியைத் தூண்டும் குதித்தலையும் ஆழமாகக் குந்துவதையும் சில வாரங்களுக்குக் குறையுங்கள். மருத்துவர் அல்லது இயன்முறைச் சிகிச்சையாளர் காட்டித்தரும் பயிற்சிகளால் தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்துங்கள். வலி தணியத் தணிய ஓட்டத்தையும் ஆட்டத்தையும் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது "முட்டி வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வலிக்கும் இடத்தை விரலால் காட்டுங்கள். ஏறும்போதா, இறங்கும்போதா, படுத்திருக்கும்போதா என்று சொல்லுங்கள். நொண்டி நடந்தால், "இடுப்பையும் பார்க்க வேண்டுமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.