'இந்திய' என்னும் அடைமொழி

ஒரு பெயருக்கு முன்னே நின்று அதனைச் சிறப்பிக்கும் சொல்லை அடைமொழி என்பர் இலக்கண நூலார். அஃது இருவகைப்படும். 'செந்தாமரை' என்னும்போது வெண்டாமரையும் உண்டென்பது குறிப்பு; ஆதலின் அஃது இனமுள்ள அடை. 'செஞ்ஞாயிறு' என்னும்போது வேறு நிறத்து ஞாயிறு இல்லை. ஆதலின் அஃது இனமில்லா அடை. மாணவர் மனனஞ் செய்யும் இச்சிறு விதி, பழைய செய்தித்தாள்களைப் படிப்பதற்கும் ஒரு திறவுகோலாகும். எல்லாரும் அறிந்த 'இந்திய' என்னும் சொல்லை எடுத்து நோக்குவோம்.

கோ. நடேசையர் 1924ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1930இல் வீரகேசரியும், 1932இல் தினகரனும் தோன்றின. அக்காலச் செய்திகளிலே தோட்டத்து மக்கள் பெரும்பாலும் 'இந்தியத் தொழிலாளர்' எனப்பட்டனர். இது இழிசொல்லன்று. 'கூலி' என்ற சொல்லோடு ஒப்பிடின் மதிப்புடையதேயாம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் 'இந்தியத் தொழிலாளர்' என்ற பெயராலேயே அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. 1939இல் எழுந்த அரசியல் அமைப்பும் 'இலங்கை இந்தியக் காங்கிரஸ்' என்று தன்னைப் பெருமையுடன் அழைத்துக்கொண்டது.

ஆயினும் அச்சொல் இடத்துக்கு இடம் வேறுபட்டு ஒலித்தது. உயர்மலைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் பெரும்பாலும் தமிழராதலின், 'இந்திய' என்பது அங்கே ஏறக்குறைய இனமில்லா அடையாய் நின்றது. யட்டியாந்தோட்டைப் பகுதியிலோ நிலைமை வேறு. களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு வேலிக்கு வேலி அடுத்துக் கிடப்பவை. ஆதலால் இங்கே அச்சொல் இனமுள்ள அடையாயிற்று. இன்னார் என்பதோடு நில்லாமல், இன்னார் அல்லர் என்பதையும் அது சொல்லிற்று.

1946ஆம் ஆண்டில் இப்பகுதியை அடுத்த புளத்கொஹுப்பிட்டியிலே நேவ்ஸ்மயர்த் தோட்டம் அரசாங்கத்தால் எடுக்கப்பட்டது. கிராம மக்களுக்குப் பகிர்ந்தளித்தல் அதன் நோக்கம். அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறப் பணிக்கப்பட்டனர். அதனை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. இவ்வழக்கின் இரு தரப்பாரையும் அடைமொழிகளை வைத்துப் பாருங்கள். கிராமத்தவர் 'நிலமற்ற' மக்கள். தோட்டத்தவர் 'இந்திய'த் தொழிலாளர். இரண்டும் பொய்யல்ல. ஆனால் லயன் அறையிலே வாழ்ந்து பால் வெட்டியவனுக்கும் சொந்த நிலம் ஒரு சாணும் இல்லையே! அவனுக்கு 'நிலமற்ற' என்னும் அடைமொழி ஏன் கிட்டவில்லை? ஒருவரை அவருடைய தேவையால் குறித்தோம். மற்றவரைப் பாட்டனார் பிறந்த ஊரால் குறித்தோம். வாதம் தொடங்குமுன்னரே சொல் தீர்ப்பளித்துவிட்டது.

பின்பு நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாட்டின் பிரசைகள் அல்லாதாராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1950இல் காங்கிரஸின் தொழிற்சங்கம் 'இந்திய' என்பதைக் களைந்து 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்' ஆனது. ஆனால் செய்தித்தாள்களில் வேறோர் அடைமொழி வந்தமர்ந்தது: 'நாடற்ற'. 1964இல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. 150,000 பேரைப் பின்னர்த் தீர்ப்பதற்கென விட்டுவைத்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

இன்று 'மலையக' என்னும் அடைமொழி ஓங்கி நிற்கிறது. அஃது அம்மக்கள் தாமே விரும்பி ஏற்றது. வந்த வழியை விடுத்து வாழும் மண்ணைச் சுட்டுவது. ஆயினும் அச்சொல்லைக் கேட்டவுடன் நுவரெலியாவின் பனியும் தேயிலையுமே மனக்கண்ணில் தோன்றுகின்றன. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இறப்பர் மரநிழலில் வாழ்வோரும் அதனுள் அடங்குவர் என்பதை எழுதுவோர் மறத்தலாகாது.

மாணவர்களே, பழைய பத்திரிகை ஒன்று கைக்குக் கிடைத்தால், பெயர்களை மட்டும் படித்து அமையாதீர்கள். ஒவ்வொரு பெயரின் முன்னும் நிற்கும் சிறு சொல்லைக் கோடிட்டுப் பாருங்கள். அது இனமுள்ள அடையா, இனமில்லா அடையா என்று கேளுங்கள். பின்பு இன்றைய செய்தித்தாளை எடுத்து அதே வினாவைக் கேளுங்கள்.