புகை சொல்லும் செய்தி

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது பழமொழி. டீசல் இஞ்சினைப் பொறுத்தவரை இதைச் சற்று மாற்றிச் சொல்ல வேண்டும். நெருப்பு நன்றாக எரிந்தால் அங்கே புகை கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறதென்றால் உள்ளே எரிய வேண்டியது சரியாக எரியவில்லை, அல்லது எரியக்கூடாதது எரிகிறது என்பதே பொருள்.

பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நாள்தோறும் பேருந்துக்காக நிற்பவன் நான். லாரி, பேருந்து, வேன் என்று எத்தனையோ வண்டிகளின் புகையைச் சுவாசித்திருக்கிறேன். ஆனால் அதை உற்று நோக்கக் கற்றுக்கொண்டது சென்ற ஆண்டுதான். செங்கல், மணல் ஏற்றும் என் மாமாவின் பழைய வேன் திடீரென்று கரும்புகை கக்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில், “இஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். மாமா கடனுக்கு அலைந்தார். அப்போது வயதான மெக்கானிக் ஒருவர், “முதலில் ஏர் பில்டரைக் கழற்றுங்கள்” என்றார். அதில் செம்மண்ணும் தூசியும் அப்பிக் கிடந்தன. புதிய பில்டர் மாட்டியதும் புகை நின்றது. சில நூறு ரூபாயில் முடிந்த வேலை! அவரிடம் கேட்டதையும், பின்னர் நான் படித்ததையும் இங்கே தருகிறேன்.

டீசல் எரியும் விதம்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இந்த இஞ்சினில், பெட்ரோல் இஞ்சினில் உள்ளதைப் போன்ற தீப்பொறிப் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ பதினைந்து முதல் இருபது மடங்கு வரை அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவ, அது தானாகவே பற்றிக்கொள்கிறது. ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறத்தாழ பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்று! ஆகவே காற்று, சூடு, நன்கு தூவப்பட்ட டீசல் ஆகிய மூன்றும் உரிய நேரத்தில் கூட வேண்டும். இவற்றில் எது குறைந்தது என்பதைப் புகையின் நிறம் காட்டுகிறது.

கரும்புகை

இது எரிந்து முடியாத கரித்துகள். காற்று குறைந்தது, அல்லது டீசல் மிகுந்தது என்று கொள்ளலாம். ஏர் பில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து வரும் குழாயில் கிழிசல், துளித்துளியாகச் சொட்டும் நாசில், இழுவை கூட வேண்டுமென்று டீசலைக் கூட்டி வைத்த பம்ப் ஆகியவை வழக்கமான காரணங்கள். அளவுக்கு மீறிய பாரமும், மேட்டில் கியரைக் குறைக்காமல் மிதிப்பதும் கரும்புகையைத் தரும். அப்போது குற்றம் இஞ்சினுடையதன்று, ஓட்டுபவருடையது.

வெண்புகை

மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் வெண்புகை வந்து, சில நிமிடங்களில் மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இஞ்சின் சூடேறிய பின்னும் தொடர்ந்தால் இரண்டு வழிகளில் ஆராய வேண்டும். கண்ணைக் கரிக்கும் டீசல் வாடையோடு காற்றில் தங்கி நின்றால், அது எரியாத டீசல். அழுத்தம் குறைந்ததோ, டீசல் தூவும் நேரம் பிந்தியதோ காரணமாகலாம். விரைவில் கலைந்து மறைந்தால் அது நீராவி. டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ரேடியேட்டரில் நீர் அடிக்கடி குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆனால் சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. மாமல்லபுரம் கடற்கரையில் டீசல் இஞ்சின் பொருத்திய படகில் செல்வோர் வெண்புகையை அலட்சியம் செய்யலாகாது. சாலையில் வண்டி நின்றால் தள்ளலாம். நடுக்கடலில் நின்றால் என்ன செய்வது?

நீலப்புகை

இது இஞ்சின் ஆயில் எரியும் புகை. ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். நெடுநேரம் நின்று கிளம்பும்போது மட்டும் வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பாரம் இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கலாம். டர்போ சீல் கசிந்தாலும் வரும். அக்கசிவு மிகுந்தால், சாவியை அணைத்த பிறகும் இஞ்சின் தன் ஆயிலையே குடித்து வெறிபிடித்து ஓடும் ஆபத்தும் உண்டு.

எங்கே தொடங்குவது?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அந்தப் பெரியவர் சொன்ன விதி. முதலில் ஏர் பில்டர், பிறகு டீசல் பில்டரும் அதில் தேங்கும் நீரும், பின்னர் நாசில், அதன்பின் பம்ப் டைமிங், கடைசியாகத்தான் அழுத்தச் சோதனை. பழைய பம்ப் இஞ்சின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் முறையே தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது புகை நிற்கிறது என்று பார்த்துக் குறையுள்ள சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். இன்றைய காமன் ரெயில் இஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

புகை பணத்தை மட்டும் தின்பதில்லை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதிப்படி அமைந்த டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி சைலன்சர் வழியில் இருக்கிறது. அத்தகைய வண்டி கரும்புகை விட்டால் வடிகட்டி பழுதாகியிருக்கலாம், அல்லது எடுக்கப்பட்டிருக்கலாம். புகை தெரியாததாலேயே நச்சு இல்லை என்றும் கொள்ள முடியாது. நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாமலே வெளியேறும்.

மருந்து தேடுமுன் நோயின் காரணத்தைத் தேடச் சொன்னவர் வள்ளுவர். இஞ்சினுக்கும் அதுவே முறை. மாமா இன்று தம் வேனின் ஏர் பில்டரைத் தாமே கழற்றித் தட்டி மாட்டுகிறார். நான் இன்றும் பொத்தேரி நிறுத்தத்தில்தான் நிற்கிறேன். முன்பெல்லாம் புகை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, நிறத்தைப் பார்க்கிறேன்.